கூடை எடை கழிக்காத அட்டிகை

என் கையே தராசு. இதை நானாகச் சொல்லவில்லை, பரவை மார்க்கெட்டே சொன்னது. நானும் கொஞ்சம் சொன்னேன்.

முப்பத்தோரு வருசம் மதுரைப் பக்கம் பரவையில் காய்கறி வியாபாரம் பார்த்தேன். கத்திரிக்காயை அள்ளி இடது கையில் ஏந்தினால், அது கிலோவா தொள்ளாயிரமா என்று தராசுக்கு முன்னால் என் வாய் சொல்லிவிடும். ஐம்பது கிராம் முன்னே பின்னே போகலாம். போனால் தராசில்தான் கோளாறு என்பேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இதை எழுதி முடிக்கவே எனக்கு ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது. விட்டுப்போன புள்ளிகளை மருமகள் வைத்துக்கொடுக்கிறாள். புள்ளியை மட்டும் வை, என் பேச்சில் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

மகனுக்கு வேலை நிலைத்ததும் கே.கே. நகரில் வீடு பிடித்து என்னையும் கூட்டிவந்துவிட்டான். நாலு பேரை அதட்டிப் பழகிய வாய்க்கு அங்கே வேலையே இல்லை. காலை ஒன்பது மணிக்கெல்லாம் எல்லோரும் வண்டியில் ஏறிப் போய்விடுவார்கள். அப்புறம் தெருவில் நானும் காயப்போட்ட துணியும்தான். தள்ளுவண்டியில் காய் கொண்டுவருகிறவர் ஒருவர்தான் எனக்குக் கிடைத்த ஆள். அவரும் ஒரு வாரம் என் வாயைத் தாங்கிப் பார்த்துவிட்டு அடுத்த தெரு வழியாகப் போக ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டு அம்மா பச்சைக்கல் மோதிரம் ஒன்றைக் காட்டினார்கள். சௌராஷ்டிரக் குடும்பம், மரியாதையான ஜனங்கள். பழைய மோதிரத்தைக் கடையில் கொடுத்து மாற்றப் போகிறார்களாம். கல் பதித்த நகையை மாற்றப் போனால் மொத்த எடையில் கல்லின் எடையைக் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் தங்கம் என்று எடுப்பார்கள். கல்லைக் கழற்றாமலே, இம்புட்டு இருக்கும் என்று கண்மதிப்பாகக் கழிப்பதும் உண்டு. அப்படிக் கழிக்கும்போது கூடுதலாகப் போய்விடுமோ என்று அந்த அம்மாவுக்குப் பயம். அதைப் பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார்கள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் கையை நீட்டினேன்.

கல் எடைக்கு என்னிடம் ஒரு கணக்கு உண்டு. நடுத்தரமான பச்சை மிளகாய் ஒன்று மூன்று கிராம். சின்ன வெங்காயம் ஒன்று ஆறு கிராம். நகையில் இருக்கும் கல்லையெல்லாம் கழற்றி உள்ளங்கையில் போட்டதாக மனசுக்குள் நினைத்துக்கொள்வேன். கண்ணை மூடிக்கொண்டால் எத்தனை மிளகாய், எத்தனை வெங்காயம் என்று கை சொல்லிவிடும். கண்ணை மூடவேண்டிய அவசியம் கிடையாது. மூடினால் பார்க்கிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை வருகிறது.

"கல்லு அரை மிளகா. அதுக்கு மேல கழிச்சா மோதரத்த வாங்கிட்டு வந்துருங்க" என்றேன்.

கடையில் ஒன்றரை கிராம் கழித்திருக்கிறார்கள். சொல்லிவைத்ததுபோல் அரை மிளகாய். அந்த அம்மா மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தன் மகளிடம் அவர்கள் பாஷையில் என்னைக் காட்டி ஏதோ சொன்னார்கள். அந்தப் பாஷை எனக்குத் தெரியாது. புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். புரியாத எதையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.

அப்புறம் கேட்கவேண்டுமா? டீச்சர் அம்மா வந்தார்கள், கிளினிக்கில் வேலை பார்க்கிற நர்ஸ் வந்தது, அடுத்த தெருவிலிருந்தெல்லாம் வந்தார்கள். எனக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாசலுக்கு வந்தது. தோட்டில் ஒரு மிளகாய், பதக்கத்தில் ஒரு வெங்காயம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தில் ஏழு சரியாக இருக்கும். மூன்று தப்பும்போது கடைக்காரர்களைத் திட்டினேன்.

ஆனால் நான் முதல்முதலில் எடை சொன்ன கல் அந்த மோதிரத்துக் கல் இல்லை. அதற்குப் பல வருசம் முன்னால் ஒரு அட்டிகைக்குச் சொன்னேன். எங்கள் அம்மாவின் அட்டிகை.

நாங்கள் பெண்கள் இரண்டு பேர்தான், ஆண்பிள்ளை கிடையாது. எனக்கும் தங்கச்சிக்கும் பதினொரு வயசு வித்தியாசம். அம்மா போய்ச் சேர்ந்து இருபத்திரண்டு வருசம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அம்மாவின் நகையைப் பங்கு வைத்தோம். இருந்தது இரண்டே உருப்படி. ஒன்று, கழுத்தை ஒட்டிப் போடுகிற சிவப்புக்கல் அட்டிகை, ஏழு பவுன் எடை. இன்னொன்று, கல்லே இல்லாத நீளச் சங்கிலி, ஐந்து பவுன். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு: பங்கு வைக்கிறவள் கடைசியில்தான் எடுக்கவேண்டும். அப்போதுதான் பங்கை ஒழுங்காக வைப்பாள். மூத்தவள் நான், எடை தெரிந்தவளும் நான். பங்கு வைக்கும் வேலை எனக்கு வந்தது.

நான் அட்டிகையைக் கையில் ஏந்தினேன். கண்ணை மூடினேன். கல் மட்டும் இரண்டு வெங்காயம், ஒரு பெரிய மிளகாய். பதினாறு கிராம், அதாவது இரண்டு பவுன். ஏழில் இரண்டு போனால் ஐந்து. அந்தப் பக்கம் ஐந்து பவுன் சங்கிலி, இந்தப் பக்கம் ஐந்து பவுன் தங்கம். தராசு முள் நடுவில் நிற்கிறமாதிரி பங்கு.

தங்கச்சி அழுதுகொண்டிருந்தாள். எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றேன். நீயே சொல்லுக்கா என்றாள். நான் அட்டிகையை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். எனக்கு அந்தச் சங்கிலிமேல் ஒரு கண். மார்க்கெட்டில் உட்காரும்போது நெஞ்சுவரைக்கும் தொங்கினால் எடுப்பாக இருக்கும் என்று அம்மா உயிரோடு இருக்கும்போதே நினைத்திருக்கிறேன். கடைசியில் எடுக்கவேண்டியவள், முதலில் எடுக்கிறவளுக்கு எதை எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். வழக்கத்தை மீறவில்லை என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

தங்கச்சி ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குடியிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் அங்கே ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறார். ஒரே மகள். அவளுக்குப் போன தை மாசம் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷி, கட்டாயம் எதுவும் இல்லை என்றுதான் பேசினார். பெண்ணுக்கு நீங்கள் என்ன போடுகிறீர்களோ அது உங்கள் விருப்பம் என்றார். தங்கச்சி மெதுவாக, எங்க அம்மா அட்டிகையை அழித்து, அதில் வருகிறதை வைத்து ஒரு செயின் செய்கிறோம் என்று ஆரம்பித்தாள்.

வருகிறதை வைத்தா? அது என்ன பேச்சு? எனக்குப் பொறுக்கவில்லை.

"வர்றது என்ன வர்றது, அஞ்சு பவுன் சுளையா வரும். அஞ்சு பவுன்ல செயின்னு எழுதிக்கங்க" என்றேன்.

மாப்பிள்ளையின் சித்தப்பா கையில் நோட்டு வைத்திருந்தார். எழுதிக்கொண்டார். தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குத்தான் எல்லாம் புகழ்ச்சியாச்சே, அக்கா சபையில் நம் மானத்தைத் தூக்கி நிறுத்திவிட்டாள் என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

கடைக்குப் போகிற அன்றைக்குக் காலையில் அவளிடமிருந்து போன். "வெயிலு கடுமையா இருக்குக்கா. ஒனக்கு முட்டி வேற வலிக்குது. நாங்களே போயிட்டு வந்துர்றோம்."

நான் இல்லாமல் அந்த அட்டிகைக்கு எடையா? முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்கினேன். வீட்டுக்காரருக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டதாம், அவள் மட்டும் கிளம்பி நின்றாள். என்னைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் சுருங்கியது. வெயிலில் அக்கா வந்துவிட்டாளே என்ற கவலை என்று எடுத்துக்கொண்டேன்.

பெரிய கடை இல்லை, ஆனால் ஏசி போட்ட கடை. நகை மதிப்புப் பார்க்கிறவருக்கு ஐம்பது வயசு இருக்கும். கண்ணில் சின்ன லென்ஸை இடுக்கிக்கொண்டு அட்டிகையை முன்னும் பின்னும் திருப்பினார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசில் வைத்தார். ஐம்பத்தாறு கிராம். ஏழு பவுன், சரிதான். அப்புறம் ஒரு பேப்பரில் ஏதோ எழுதி, கல்லுக்கும் மற்றதுக்குமாக இருபத்தாறு கிராம் கழிக்கவேண்டியிருக்கும் என்றார்.

தங்கச்சி உடனே, சரிங்கண்ணே, நீங்கள் சொல்வதையே போட்டுக்கொள்ளுங்கள் என்றாள்.

நான் விடுவேனா? நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். கல் பதினாறு கிராம், அதற்கு மேல் ஒரு குண்டுமணிகூடக் கழிக்கக்கூடாது என்றேன். அவர் கோபப்படவில்லை. எங்களைமாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பார்.

"பெரியம்மா, முன்ன எந்தக் கடையில இருந்தீங்க?"

"பரவையில."

"பரவையில நகைக்கட எங்க இருக்கு?"

"காய்க்கட" என்றேன்.

அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது தெரிந்தது. பக்கத்தில் கம்மல் வாங்க வந்த இரண்டு பெண்கள் அவருக்கும் சேர்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. சந்தேகமாக இருந்தால் உடைத்துப் பார்த்துவிடலாம் என்றார் அவர். ஆனால் உடைத்தால் திரும்ப அட்டிகையாகாது, வீட்டுக்கு எடுத்துப் போகமுடியாது என்றும் சொன்னார். தங்கச்சி என் முழங்கையைப் பிடித்தாள். "வேணாம்க்கா. அவுக கழிக்கிறத கழிச்சுக்கட்டும். விடு."

"நீ சும்மா இருடி. ஒனக்கு என்ன தெரியும்?" என்றேன். உடைக்கச் சொன்னேன்.

கல்லையெல்லாம் கழற்றியானதும் பின்னால் இருந்த பட்டறையில் தகட்டைச் சூடு காட்டினார்கள். தபாலாபீசில் பார்சலுக்குச் சீல் வைக்கும்போது வருமே, அந்த வாசனை கடைக்குள் வந்தது. எங்கேயோ எதுவோ கருகுகிறது என்று அப்போதுகூட அடுத்தவரைக் குறை சொல்லிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ஒன்றில் சிவப்புக் கல். ஒன்றில் தங்கத் தகடுகள், நசுங்கி மடங்கி, அம்மா கழுத்தில் பார்த்த பொருள் என்றே சொல்லமுடியாது. மூன்றாவதில் கறுப்பாக, வெல்லப்பாகு தீய்ந்து ஒட்டிக்கொண்டமாதிரி ஒரு குவியல்.

"இது என்னது?" என்றேன்.

"அரக்கு பெரியம்மா. பழைய அட்டிகையில கல்லுக்கு அடியில குழி பூரா அரக்கத்தான் ரொப்பியிருப்பாங்க. மேல தங்கத் தகடு, உள்ள இது."

கல்லைத் தராசில் போட்டார். பதினைந்தே முக்கால் கிராம். நான் சொன்னது பதினாறு. இந்த இடத்தை நீங்கள் நன்றாகக் கவனித்துக்கொள்ளவேண்டும்: கல்லில் நான் தப்பவில்லை. அரக்கைப் போட்டார். பதினொன்றரை. மிச்சத் தங்கம் மூன்றரை பவுனுக்கு மேல் ஒரு துளி. நான் சபையில் எழுதிக்கொள்ளச் சொன்னது ஐந்து.

அந்த மூன்றாவது கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பரவையில் எனக்குக் காய் போட வருகிறவர்கள் கூடையோடு எடை போடுவார்கள். முதல் வேலையாகக் கூடையின் எடையைக் கழிப்பேன். அடியில் ஈரச் சாக்கு விரித்திருந்தால் சாக்கையும் உருவிப்போட்டுக் கழிப்பேன். கூடை எடை கழிக்காமல் காய் விற்கப் பார்த்த ஒருத்தரை மார்க்கெட் நடுவில் நிறுத்தி நான் கேட்ட கேள்வியை இன்றைக்கும் அங்கே சொல்லிச் சிரிப்பார்கள். அப்பேர்ப்பட்டவள் எங்கள் அம்மா அட்டிகையைக் கூடையோடு எடை போட்டு, கல்லை மட்டும் கழித்து, கூடையையும் தங்கம் என்று என் தங்கச்சி தலையில் கட்டியிருக்கிறேன்.

கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்து என் கணக்கை நானே திரும்பப் போட்டுப் பார்த்தேன். எழுபது வயசில் அது ஒரு புது அனுபவம். தங்கச்சிதான் பேசினாள், கடைக்காரருக்குக் கேட்காதமாதிரி.

"எனக்குத் தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"உள்ள அரக்குன்னு. அம்மா செத்த மறுவருசம் ஒரு கல்லு விழுந்துச்சு. வச்சுக் குடுங்கன்னு பத்தர்ட்ட கொண்டு போனேன். அவரு குழியக் காட்டுனாரு. தங்கம் மூணரை தேறினா பெருசும்மான்னாரு."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"பரவ மார்க்கெட்டே ஒன் கைய நம்புச்சு. நான் ஒருத்தி வந்து என்னத்தக்கா சொல்ல?"

இருபத்தோரு வருசம். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவள் வீட்டுக்குப் போய், நெஞ்சுவரை தொங்குகிற சங்கிலியைத் தடவிக்கொண்டே, பங்குன்னா நான் வச்ச பங்குமாதிரி இருக்கணும் என்று சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்னொரு இட்லி வைத்திருக்கிறாள். வெயில் என்று சொன்னதும், முட்டி என்று சொன்னதும், கழிக்கிறதைக் கழித்துக்கொள்ளட்டும் என்று சொன்னதும் எல்லாம் எதற்கு என்று அந்தக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்துதான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. அக்கா மூக்கு உடையக்கூடாது என்று அவள் பாடுபட்டிருக்கிறாள். ஆள் வைத்து உடைக்கச் சொன்னவள் நான்.

இப்போது ஒன்றரை பவுனுக்குக் கொஞ்சம் குறைவாகத் துண்டு விழுகிறது. மாப்பிள்ளை வீட்டு நோட்டில் ஐந்து என்று இருக்கிறது. சம்பந்தி வீட்டில் போய்க் குறைத்துச் சொல்லவேண்டியவள் அவள், பேச்சு என்னுடையது. தங்கச்சி அதற்குள் தன் காதில் கிடந்த கம்மலைத் தொட்டுப் பார்த்தாள். நான் அதைப் பார்த்துவிட்டேன்.

சங்கிலியைக் கழற்றினேன். லேசில் வரவில்லை, கழற்றிப் பழக்கமில்லாத கொக்கி. வேண்டாம்க்கா, வேண்டாம்க்கா என்று அவள் என் கையைப் பிடித்தாள். பங்கு வைத்தவள் கடைசியில் எடுக்கவேண்டும், நான் முதலிலேயே எடுத்துவிட்டேன், அதனால் இப்போது திரும்பக் கொடுக்கிறேன் என்றேன். பெரிய மனுஷிமாதிரி ஐந்து பவுன் சங்கிலி என்று சொல்லித் தராசில் வைத்தேன்.

நாலரை பவுன்தான் இருந்தது.

கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இத்தனை வருசம் போட்டால் தேயத்தான் செய்யும் பெரியம்மா என்றார். அந்த நல்ல மனுஷன் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். தங்கச்சி முதலில் உதட்டைக் கடித்தாள். அப்புறம் முடியாமல் சிரித்துவிட்டாள். அம்மா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன். எனக்கு வேறு என்ன வழி இருந்தது?

குறைந்த அளவுக்குச் சங்கிலியில் வெட்டி எடுக்கச் சொன்னேன். மிச்சத்தை ஒட்டிக் கொடுத்தார்கள். நெஞ்சுவரை தொங்கியது இப்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, ஏறக்குறைய அட்டிகைமாதிரி. கே.கே. நகரில் கேட்கிறவர்களிடம், இதுதான் இப்போது பேஷன் என்று சொல்லிவருகிறேன்.

கல்லை மட்டும் ஒரு சின்னக் காகிதப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார் கடைக்காரர். கல்லை அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. பஸ் ஏறும்போது தங்கச்சி அதை என் கையில் திணித்தாள். "ஒனக்குத்தான் இதுல கணக்கு சரியா வந்துச்சு. நீயே வச்சுக்க." கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தாளிக்கும்போது சில நாள் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பேன். பதினைந்தே முக்கால். அதில் மாற்றமில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஐந்து பவுன் செயினைப் பெண் கழுத்தில் போட்டார்கள், நோட்டு வைத்திருந்த சித்தப்பா தலையாட்டினார். பந்தியில் சம்பந்தியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைப்பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். தன் காதில் கிடந்த பழைய சிவப்புக்கல் தோட்டைக் காட்டி, இதில் கல் எம்புட்டு இருக்கும் என்று கேட்டார். எதிர் இலையில் தங்கச்சி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

இந்தத் தடவை அவள் பார்வை புகழ்ச்சி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அதெல்லாம் கடையில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும், கண்ணால் சொல்லக்கூடாது என்று சொன்னேன். அதோடு ரசத்தை ஊற்றிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். கை தானாகப் போய் அந்தக் காதைத் தொட்டுவிட்டது. கண்ணும் மூடிக்கொண்டது.

"ஒரு மிளகா" என்றேன்.

"கூடையக் கழிச்சியாக்கா?" என்றாள் தங்கச்சி, பந்தி முழுக்கக் கேட்கிறமாதிரி.